லத்தீன் தாள்களை எரித்தது நான்

ஒரு மாசி மாதம் சனிக்கிழமை காலையில் பதினோரு பரீட்சைத் தாள்களை வெந்நீர் பாய்லரில் போட்டு எரித்தேன். வேண்டுமென்று எரிக்கவில்லை. ஆனாலும் எரித்தது நான்தான். அதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை நிதானமாக எழுதலாம்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். சமையல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் புதிதாக வருகிற பெண்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

1. அந்த வீடும் அந்தப் பாஷையும்

தங்கச் சுரங்கம் இருந்த சாம்பியன் ரீப்ஸில், சாமியார் ஆவதற்குப் படிக்கும் பிள்ளைகள் தங்கும் வீடு ஒன்றில் நான் சமையல்காரி. அந்தப் பிள்ளைகளை பிரதர் என்று கூப்பிட வேண்டும். வீட்டுக்குத் தலைவர் ரெக்டர் ஃபாதர். எங்கள் வீட்டில் புத்தர் படம், அவர்கள் வீட்டில் சிலுவை. பத்தொன்பது வருஷத்தில் அதைப் பற்றி ஒரு பேச்சு வந்ததில்லை. என் கையில் ஒரு நாளும் சோறு தீய்ந்ததில்லை. இதையும் எழுதுகிறேன், உண்மை என்பதால்.

பிரதர்களுக்கு முதல் வருஷம் லத்தீன் உண்டு. சொல்லிக் கொடுத்தவர் ஆரோக்கியம் ஃபாதர். வயதானவர், ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மதியம் பிரதர்கள் எனக்குக் காய் நறுக்கித் தர வருவார்கள். அவரும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அவர் பாடத்தில் பாதி என் அடுப்படியில்தான் நடந்தது.

கையில் கரண்டியைத் தூக்கிக் காட்டுவார். "கரண்டி. கரண்டியை. கரண்டியால. கரண்டிக்கு. கரண்டியோட. பேருக்குப் பின்னாடி வால் மாறுது, வால் மாறினா வேலை மாறுது. லத்தீன்லயும் இதே கததான். சொல்லுங்க." உடனே பதினோரு பேரும் கேரட் சீவிக்கொண்டே "ரோசா, ரோசே, ரோசே, ரோசாம்" என்று கத்துவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அர்த்தம் தெரியாது, வரிசை தெரியும்.

அதைவிடக் கஷ்டமான பாடம் ஒன்று இருந்தது. நடக்காததைச் சொல்லும் பாடம் என்று நான் அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். ஃபாதர் என் உலையைக் காட்டிச் சொல்வார்: "சோறு வெந்துச்சு. இது நடந்தது. சோறு வேகட்டும். இது ஆசை. சோறு குழைஞ்சிடுமோ. இது பயம். தண்ணி கொஞ்சம் கொறச்சிருந்தா நல்லா வந்திருக்கும். இது நடக்காமப் போனது. நடந்ததுக்கு ஒரு உடுப்பு, மத்த மூணுக்கும் வேற உடுப்பு. மாத்திப் போட்டீங்க, மார்க் போச்சு."

மாற்றிப் போடுகிறவர் சூசை பிரதர். ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புப் பக்கத்துப் பிள்ளை. தாத்தா சுரங்கத்தில் இருந்தவர். அம்மா தினம் ரயிலேறி பெங்களூரு போய் ஆபீஸ் கூட்டித் துடைக்கிறவள்.

"இன்னா சூசை, ஆசையும் பயமும் உனக்கு ஒண்ணாவே வருதே?" என்பார் ஃபாதர்.

"பரீட்சைன்னா அப்படித்தான் வருது ஃபாதர்."

எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் அந்த வருஷம் அவர் இரண்டு பரீட்சையில் தோற்றிருந்தார். மூன்றாவதிலும் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது எல்லாருக்கும் தெரியும். விடியற்காலையில் நான் பாய்லர் பற்ற வைக்க வரும்போது, அவர் கிணற்றடியில் நின்று ஒவ்வொரு வாலாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

2. சிவப்புக் கோடு

மாடியில் சோலார் போட்ட பிறகும் நான் பாய்லரை விடவில்லை. பதினோரு பேருக்கு சோலார் தண்ணீர் காணாது. விறகு பிடிக்க முதலில் காகிதம் வேண்டும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். பிரதர்கள் தினம் எழுதும் பயிற்சித் தாளை ஃபாதர் திருத்துவார். திருத்தி முடித்தது என்றால் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்து, மேசைக்குக் கீழே இருக்கும் பிரம்புக் கூடையில் போடுவார். சனிக்கிழமை காலையில் நான் கூடையை எடுத்துப் போவேன். கோடு இருந்தால் அடுப்புக்கு. கோடு இல்லாவிட்டால் தொடக்கூடாது. எனக்கு லத்தீன் படிக்கத் தெரியாதே என்று ஃபாதர் கண்டுபிடித்த முறை அது. அதுவரை ஒரு தடவைகூட நான் தவறியதில்லை.

அந்தச் சனிக்கிழமை கூடையில் நாலைந்து தாள்தான் கிடந்தது. பக்கத்தில் நாற்காலி மேல் ஒரு கட்டு இருந்தது. மேல் தாளில் குறுக்கே சிவப்புக் கோடு. 'பாவம், கண் தெரியாமல் கூடைக்கு வெளியே வைத்துவிட்டார்' என்று நினைத்தேன். எடுத்தேன். எரித்தேன். வெந்நீர் நன்றாகக் கொதித்தது.

எங்கள் ஊரில் காற்று எழும்பினால், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிவைத்த சயனைட் மேட்டுத் தூள் வீட்டுக்குள் வரும். குடத்துக்கு மூடி, மாவுக்கு மூடி, படுக்கைக்கும் மேலே ஒரு துணி. நானே ஒரு நாளைக்கு இருபது பாத்திரம் மூடுகிறவள். ஃபாதரும் அதைத்தான் செய்திருந்தார். அந்த மூன்றாவது பரீட்சையின் திருத்தாத தாள்கள் மேல் தூள் படாமல் இருக்க, ஒரு பழைய தாளை எடுத்து மூடி வைத்திருந்தார். நான் மூடியைப் பார்த்தேன். மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

3. திங்களும் செவ்வாயும்

திங்கட்கிழமை காலை டீ கொண்டுபோனபோது ஃபாதர் அறையில் ரெக்டர் ஃபாதர் நின்றுகொண்டிருந்தார்.

"நாற்காலி மேலதான் வெச்சேன் ஃபாதர். தூசி படக்கூடாதுன்னு மேல ஒரு பேப்பர் போட்டு மூடினேன்" என்றார் ஆரோக்கியம் ஃபாதர்.

டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். அடுப்படிக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அந்த அறைக்குப் போனவர் சூசை பிரதர் ஒருவர்தான். சந்தேகம் கேட்கப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டில் ரெக்டர் ஃபாதர் எழுந்து நின்று, எல்லார் எதிரிலும் கேட்டார்.

"தாள் காணாமப் போனா யாருக்கு நல்லது? நீயே சொல்லு சூசை."

"நான் எடுக்கல ஃபாதர்."

"புதன்கிழமை வரைக்கும் டைம் தரேன். கொண்டாந்து வெச்சிட்டா மன்னிப்பு உண்டு. இல்லன்னா அம்மாவை வரச் சொல்லிக் கூட்டிட்டுப் போகச் சொல்லிடுவேன்."

இல்லாத தாளை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? அது தெரிந்த ஒரே ஆள் நான், ரசம் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு ராத்திரி சூசை பிரதர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்தவன் ஒருவன், "பேப்பர் பதினொண்ணும் முழுங்கிட்டான், அதான் பசிக்கல" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"சாப்புடுங்க பிரதர்" என்றேன்.

"வேணாம்மா. போதும்."

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் போனது. வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இல்லை. எங்கே போனாலும் நான் சமைத்துப் பிழைப்பேன். பத்தொன்பது வருஷம் ஒரு தப்பு இல்லை என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. வருகிற புதுச் சாமியார்களிடமெல்லாம், "கமலாம்மாகிட்ட விட்டா கவலையே இல்ல" என்று சொல்லி என்னைக் காட்டுவார்கள். அந்தப் பேரை விட எனக்கு மனசு வரவில்லை. தாளை யாரோ எடுத்தார்கள் என்று நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்றுகூட நினைத்தேன். நினைத்ததை எழுதத்தான் வேண்டும்.

4. சாப்பாட்டு மேசை

புதன்கிழமை சூசை பிரதருடைய அம்மா வந்தாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ரயிலுக்குக் கட்டிய அதே சேலையில் வந்திருந்தாள். ரெக்டர் ஃபாதர் கூப்பிடும் வரை அடுப்படியில் உட்காரச் சொன்னார்கள். காபி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அக்கா, தினம் அவனுக்குச் சோறு போடறவங்க நீங்க. எம்புள்ள திருடியிருப்பானா, நீங்க சொல்லுங்க."

"இல்லம்மா" என்றேன். "அது எனக்கு நல்லாத் தெரியும்."

சொன்ன வாய் மூடவில்லை. நேராக ரெக்டர் ஃபாதர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்களா கமலாம்மா? சரி விடுங்க. தெரியாமச் செஞ்சதுதான. நான் பாத்துக்கறேன், நீங்க போங்க."

"இல்ல ஃபாதர். அந்தப் புள்ளைய நீங்க திருடன்னு சொன்னது சாப்பாட்டு மேசையில. நான் அங்கதான் சொல்லுவேன்."

"எல்லார் முன்னாடியும் உங்களுக்கு எதுக்கும்மா?"

"அவங்கம்மாவையும் உள்ள இட்டுனு வரேன் ஃபாதர்."

மணி அடித்ததும் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் நின்றேன். "தாளை யாரும் எடுக்கல. நான் பாய்லர்ல போட்டேன். மேல கோடு பாத்தேன், உள்ள பாக்கல. திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். இன்னிக்குத்தான் சொல்றேன்."

ஆரோக்கியம் ஃபாதர்தான் முதலில் பேசினார். "கோடு போட்ட தாளை மூடியா வெச்சது என் தப்பு" என்றார். அதற்குப் பிறகு ரெக்டர் ஃபாதர் எழுந்து, அந்த அம்மாவிடமும் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டார். கேட்டார் என்பதை எழுத வேண்டும். பெரிய ஆட்கள் கேட்பது குறைவு.

5. மறுபடி பரீட்சை

அடுத்த வாரம் புதுக் கேள்விகளோடு பரீட்சை நடந்தது. அடுப்படிக் கதவுக்குப் பக்கத்து மேசை சூசை பிரதருக்கு. ஃபாதருக்குக் கண் களைத்துவிடும் என்று, ஒவ்வொருவரையும் அவரவர் எழுதியதை வாசிக்கச் சொல்லித் திருத்தினார். சூசை பிரதர் வாசித்தது எனக்குக் கேட்டது. வால்களில் ஒரு இடம் தப்பு. ஆசை, பயம், நடக்காமல் போனது மூன்றிலும் தப்பே இல்லை. ஃபாதர் மேசையைத் தட்டினார். பாஸ்.

ஆனால் ஒரு மாதம் கழித்து சூசை பிரதர் பெட்டி கட்டினார். யாரும் அனுப்பவில்லை. தானே போனார். ரெக்டர் ஃபாதர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். "நான் திருடினேன்னு எல்லாரும் நம்பிட்டாங்க ஃபாதர், ஒருத்தரும் இல்லன்னு சொல்லல" என்றாராம்.

போகும்போது அடுப்படிக்கு வந்தார்.

"வரேம்மா."

"இருங்க பிரதர், சாப்பிட்டுட்டுப் போங்க."

"ட்ரெயினுக்கு நேரமாச்சு." கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "ஒண்ணு கேக்கட்டா? கோவமெல்லாம் இல்ல. திங்கட்கிழமையே தெரியும்னு சொன்னீங்களே. ரெண்டு நாள் ஏன்ம்மா?"

என் நல்ல பேருக்காக என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, கேட்டுக்கொண்டேன் என்று ஆட்டினாரா, எனக்குத் தெரியாது. பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். எத்தனை வருஷம் செய்த வேலையானாலும், மூடியைத் தூக்கி உள்ளே பாருங்கள். அப்படியும் தப்பு நடக்கும். நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தாளை எரித்தது ஒரு தப்பு, அதை எல்லாரும் மன்னித்தார்கள். சொல்லாமல் சோறு பரிமாறினேனே, அது வேறு தப்பு. அதை மன்னிக்க வேண்டியவர் ஒருவர்தான், அவர் அன்றைக்கு என் கையால் சாப்பிடாமல் போனார்.