துண்டு மாட்டும் கம்பி

கிள்ளானில் அந்த ஹார்டுவேர் கடைக்காரரை ஒரு நாள்தான் பார்த்தேன். காதில் பென்சில். எதை எடுத்துக் கொடுத்தாலும் முதலில் தானே இழுத்துப் பார்த்தார்.

பெயிண்டும் குழாயும் வாங்கிவிட்டு, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கேட்டேன். அங்கே இரண்டு முறை வழுக்கி விழுந்த என் வீட்டுக்காரர் சீறினார்.

"நான் என்ன கிழவனா? வேணாம்லா!"

"அங்கிள், இது துண்டு மாட்டுற கம்பி. கொஞ்சம் ஸ்ட்ராங், அவ்வளவுதான்," என்றார் கடைக்காரர்.

"அப்படிச் சொல்லு, பாஸ்."

கடைக்காரர் தரையிலிருந்து இவர் முழங்கை வரை கயிறு பிடித்து வெட்டி, "ஆன்டி, இந்த உயரத்துல மாட்டுங்க," என்று என்னிடம் கொடுத்தார். துண்டுக்கு எதற்கு முழங்கை அளவு என்று இவர் கேட்கவில்லை. நான் கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே இவர் மாட்டிவிட்டார். துண்டை மட்டும் இன்றும் கதவில்தான் போடுகிறார். அளவும் பேச்சும் அவ்வளவு தெரிந்த அந்தக் கடைக்காரர் வீட்டில் யார் விழுந்தார்களோ, நான் கேட்கவே இல்லை.