திரி போட இடமில்லாத கண்ணாடி

தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஆளுயரக் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. அதன் உட்சுவரில் தண்ணீர் மெல்லிய படலமாக வழியும். கீழிருந்து வாயுவை அனுப்பி, அது எவ்வளவு வேகமாகத் தண்ணீரில் கரைகிறது என்று மாணவர்கள் அளப்பார்கள். செய்முறைத் தேர்வு நெருங்கிய சமயத்தில், பொருத்தும் திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கி அந்தக் குழாயில் விரிசல் விடச் செய்தவன் நான்தான்.

பெங்களூரில் புதுக் குழாய் செய்து வாங்கிக்கொண்டு, தேர்வுக்கு முதல் நாள் பஸ் ஏறினேன். அன்று பௌர்ணமி என்பது நினைவில் இல்லை. செங்கம் சாலையில் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். ஆட்டோ கிடையாது. கல்லூரி ஊரின் மறுபக்கம். மலையைச் சுற்றும் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு எதிரே வந்தது.

கொஞ்ச தூரத்திலேயே யாரோ இடித்தார்கள். பயத்தில், "கோயில் விளக்குக்குக் கண்ணாடிங்க, வழி விடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

எதிரே கணவருடன் வந்த ஒரு அம்மா நின்றார். குழாயை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "திரும்புய்யா, இவரக் கொண்டுபோய் விட்டுட்டு வரலாம்" என்றார்.

"இன்னாடி இது? எதிர்ல நடந்தா சுத்துனது கணக்குல வராது. மறுபடியும் கோபுரத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிச்சா இன்னா? வூட்ல யாரு உனக்கு ஒல வெச்சிக்கினு காத்துக்கினு இருக்காங்க?"

கணவர் முன்னால் போய், "சாமி வெளக்கு வருது, ஒதுங்குங்க" என்று குரல் கொடுத்தார். அந்த அம்மா கைகளை விரித்து என் பக்கத்தில் அணைகட்டியபடி நடந்தார். ஜனங்கள் "அரோகரா" சொல்லி விலகினார்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

கல்லூரிக்குப் பிரியும் இடத்தில் நின்றேன். "இது கோயிலுக்கு இல்லம்மா. காலேஜுக்கு."

"தெரியும் சார். கட்டை வெரல் நொழையற கண்ணாடியில திரிய எங்க போடுவாங்க?"

"அப்புறம் ஏம்மா வந்தீங்க?"

"கொழந்தையாட்டம் அத அணைச்சிக்கினு நின்னீங்க. ஒடஞ்சா அழுதுடுவீங்க போல இருந்துச்சு."

கணவர் சிரித்துவிட்டார். முதலிலிருந்து சுற்ற இருவரும் கோபுரத்தை நோக்கிப் போனார்கள். மன்னிப்பும் நன்றியும் சொல்லத் தோன்றியது, குழாயை ஆய்வகத்தில் வைத்த பிறகுதான்.

மறுநாள் தேர்வு குறையில்லாமல் நடந்தது. நான் ஓய்வு பெறும்வரை அந்தக் குழாய் உடையவே இல்லை. இப்போதும் பௌர்ணமி வந்தால், நான் சொன்னது பொய் என்று தெரிந்தே எனக்காக அவர்கள் திரும்பி நடந்த தூரத்தை நினைத்துக் கை கூப்புகிறேன்.