கம் பூட்ஸும் செய்யதம்மாவின் கிடேரிக் கன்றும்

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக, ஸ்டாக்மேன் வேலைக்கு வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. அனுபவம் எழுதுகிற வயசா இது என்று கேட்பீர்கள். புதிதாகப் பயிற்சி முடித்து வருகிற தம்பிகளுக்கு ஒரு விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடவேண்டும் என்பதுதான் என் அவசரம்.

1. ஒன்பதாம் நம்பர்

பஞ்சாயத்து யூனியன்கள் புதிதாக வந்திருந்த சமயம். தென்காசியில் நான் சேர்ந்த அன்றே ஒரு ஜோடி கம் பூட்ஸ் கொடுத்தார்கள். கறுப்பு ரப்பர், முழங்கால் உயரம், ஒன்பதாம் நம்பர். என் கால் ஏழு. முன்பக்கம் பழைய பேப்பரைத் திணித்துக்கொண்டேன். சுரண்டையில் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் செருப்புப் போட்டவனுக்கு அதுவே பெரிய பதவி உயர்வு மாதிரி இருந்தது.

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் பக்கத்துத் தெருக்களில் சகதி கணுக்காலைத் தாண்டும். அதில் கம் பூட்ஸோடு நடக்க ஒரு முறை உண்டு. காலை நேராகத் தூக்கினால் பூட்ஸ் அங்கேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். முதலில் குதிகாலை அசைக்கவேண்டும். அடியில் காற்றுப் புகுந்து ‘பொளக்’ என்று சத்தம் கேட்டதும் உருவவேண்டும். இது தெரியாமல் முதல் நாள் நடுத்தெருவில் ஒற்றைக் காலில் நின்றேன்.

“ஏலே, பீரங்கிக் காலு வருதுலே!” என்று பிள்ளைகள் கூடவே ஓடிவந்தன. எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

2. செம்புத் தண்ணீர்

அந்தத் தெருவில் இருந்த செய்யதம்மாவின் புருஷன் கொழும்பில் இருந்தார். வீட்டில் அவளும், இரண்டு பெண் பிள்ளைகளும், ஒரு செவலைப் பசுவும். மூன்று ஈற்றுக் காளைக்கன்றாகவே போட்ட பசு, நாலாவது ஈற்றில் ஒரு கிடேரியைப் போட்டிருந்தது. நான் பார்க்கப் போனபோது கன்றுக்குப் பன்னிரண்டு நாள். அது பெரிதாகித் தன் தொழுவத்திலேயே ஈனுவதைப் பார்க்கவேண்டும் என்பது செய்யதம்மாவின் ஆசை. கன்றின் கழுத்தில் அதற்குள் மணி கட்டியிருந்தாள்.

வாசலில் செம்போடு நின்றாள். யார் வந்தாலும் அங்கே காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

“காலக் களுவிட்டு வா தம்பி.”

“பூட்ஸுதானக்கா போட்டிருக்கேன்? உள்ள காலு பளிச்சுன்னு இருக்கு, பாக்கியளா?”

“கெவுருமெண்டுக் காலு. நாம என்னத்தச் சொல்ல!” என்று சிரித்துக்கொண்டே செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று காலைதான் ஒரு தோட்டத்துத் தொழுவத்தில் கோமாரி கண்ட நாலு மாடுகளுக்கு வாய் கழுவி, குளம்புக்கு மருந்து போட்டுவிட்டு வந்திருந்தேன். கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். காலைப் பற்றி நினைக்கவே இல்லை. கால்தான் சுத்தமாக இருந்ததே!

3. டைரி

அதிலிருந்து ஐந்தாம் நாள் செய்யதம்மாவின் பசு வாயில் நுரை ஒழுக நின்றது. அன்றே இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து ஆள் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர், போகிற வீடுகளை வரிசையாக எழுதிவைக்கும் என் டைரியை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். தோட்டத்துத் தொழுவம், அடுத்தது செய்யதம்மா வீடு, அப்புறம் அந்த இரண்டு வீடு. அன்று நான் போன வரிசையிலேயே நோயும் போயிருந்தது.

“தோட்டத்துல இருந்து வரும்போது காலக் களுவுனியா?”

“கால்ல அளுக்கே படல சார். பூட்ஸு போட்டிருந்தேன்.”

டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மூலையில் கிடந்த என் பூட்ஸை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் வரி வரியாகச் சாணியும் சகதியும் காய்ந்து இறுகியிருந்தன.

“பெரிய மாடு தப்பிச்சுக்கிடும். கன்னுக்குட்டிதான் பொசுக்குன்னு விளுந்துரும். ஓடுலே. தாய்கிட்ட இருந்து பிரி.”

4. என்னால்தான்

சைக்கிளில் போகும்போது சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவளாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆனால் போய் இறங்கியபோது அந்தச் செம்பு வாசலிலேயே இருந்தது.

“அக்கா, சீக்கு என் பூட்ஸுல வந்தது. நான்தான் கொண்டாந்தேன். கன்னத் தாய்கிட்ட இருந்து பிரிக்கணும்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பூட்ஸைத்தான் பார்த்தாள். முகம் சிவந்தது. “கன்னப் பிடி. அது முட்டிக்கிட்டுப் போவுது” என்றாள். அவ்வளவுதான்.

கன்றைப் பக்கத்து அறையில் கட்டினோம். பாலைக் காய்ச்சி ஆறவைத்து, அதில் என் விரலை நனைத்து வாயில் கொடுத்தேன். முதலில் திருப்பிக்கொண்டது. அப்புறம் சொரசொரவென்ற நாக்கால் விரலைச் சுற்றிச் சப்பியது. இந்தப் பக்கம் கன்று ‘அம்மா’ என்றால் அந்தப் பக்கம் பசு பதில் சொல்லும். வாய்ப் புண்ணோடு அது கத்துவதைக் கேட்கச் செய்யதம்மாவால் முடியவில்லை. அதன் கழுத்தைத் தடவி, “இங்கனதான் இருக்கா உன் மவ. எங்கயும் போவல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பத்து நாள், காலையும் மாலையும் போனேன். பசுவுக்குப் பெர்மாங்கனேட் தண்ணீரில் வாய் கழுவி, கஞ்சி புகட்டினோம். மூன்றாம் நாள் கன்று எழுந்திருக்காமல் கிடந்தது. ஓடிப்போய் அதன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். மூத்த பெண் வந்து, “தூங்குதுண்ணே. ராத்திரி பூரா நாங்க தூங்க விடல” என்றாள்.

பத்தாம் நாள் பசு தானாக வைக்கோலைக் கடித்தது. மேலும் சில நாள் பொறுத்து, டாக்டர் சொன்ன பிறகு கன்றை அவிழ்த்துவிட்டோம். மணி குலுங்க ஓடி மடியை முட்டியது.

அந்தப் பத்து நாளும் நான் அவள் வீட்டுக்குப் பூட்ஸ் போட்டுப் போகவில்லை. வெறுங்காலோடுதான் போனேன், கழுவிக்கொண்டுதான் நுழைந்தேன். மறுவாரம் நல்ல மழை. வேறு வழியில்லாமல் பூட்ஸோடு போய், வாசலில் கழற்றக் குனிந்தேன்.

“களட்டாத” என்றாள் செய்யதம்மா. செம்பை எடுத்துவந்து பூட்ஸ் மேல் ஊற்றினாள். “மத்தக் காலக் காட்டு. அடிய, அடிய.” தென்னை நாரால் தேய்த்துத் தேய்த்து வரிகளை நானே சுத்தம் செய்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“ம், இப்ப வா. தொளுவம் பூரா சகதியாக் கெடக்கு. வெறுங்காலோட நின்னா சேத்துப்புண்ணு வந்துரும்.”

தம்பிகளே, பூட்ஸ் நம் காலைத்தான் காப்பாற்றும். நாம் போகிற வீட்டைக் காப்பாற்றாது. ஒவ்வொரு தொழுவத்தை விட்டும் புறப்படும்போது கழுவுங்கள், பினாயில் ஊற்றுங்கள். அதற்கு அப்புறம் ஒருமுறை கவிழ்த்து அடியைப் பாருங்கள். வரிக்குள் சகதி இருந்தால் நீங்கள் இன்னும் கழுவவில்லை.