வீட்டில் கேட்டேன்

இங்கிலாந்தில் என்னிடம் நலம் விசாரிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, வெளிக்கு எத்தனை தடவை போனாய் என்பதுதான். மருந்து ஏற்றும் நர்ஸ் சிரித்த முகமாகக் கேட்பாள். ராஜபாளையத்தில் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே தோரணை. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். மருந்து ஏற்றும் வார்டில் எல்லாருக்கும் துணைக்கு ஒரு ஆள் உண்டு. என் பக்கத்து நாற்காலியில் என் கோட்டுதான் கிடக்கும்.

எனக்கு மீசோதெலியோமா. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வருகிற புற்றுநோய். வாலிபத்தில் தளவாய்புரம் பக்கமெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்துக் கூரை போட்டவன் நான். தூசி மாவாகப் பறக்கும். துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். அந்தத் தூசி இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்திருக்கிறது. இப்போது கொடுப்பது இம்யூனோதெரபி. அது புற்றை நேராகக் கொல்வதில்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டவிழ்த்து விடுகிறது. அவிழ்ந்தது சில சமயம் குடலையும் கடிக்கும், வயிறு போனால் உடனே போன் செய் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கட்டி சுருங்கிக்கொண்டு வந்தது. பிழைத்துவிடுவேன் என்றே நம்பினேன்.

போன மாதம் வயிறு போக ஆரம்பித்தது. நான் போன் போட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் மனைவி எஸ்தருக்கு. விசா கிடைக்காமல் அவள் அங்கே, நான் இங்கே.

“அம்புட்டு மருந்து ஏத்துதாங்க, சூடு பிடிக்காம என்ன செய்யும்? வெந்தயத்தை மோர்ல போட்டு முழுங்குங்க. செத்த நேரத்துல கேக்கும்.”

எனக்கும் சூடு என்றுதான் பட்டது. வயிறு போவதற்கெல்லாம் நம் ஊரில் எவன் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான்? தினமும் அவள் குரலைக் கேட்டுக்கொண்டே முழுங்கினேன். தனியாகக் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல். கடைசியில் ரத்தம் போய், குளியலறையில் விழுந்தேன்.

“ஏன் எங்களுக்குப் போன் செய்யவில்லை?” என்றார் டாக்டர்.

“வீட்டில் கேட்டேன்.”

“வீட்டில் யார் இருக்கிறார்கள்?”

“யாருமில்லை.”

அவர் விழித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், இனி அந்த மருந்து கிடையாது, ஏற்றினால் குடல் தாங்காது என்று. கட்டியைச் சுருக்கிய மருந்து அது ஒன்றுதான்.

சாயங்காலம் எஸ்தர் வீடியோவில் வந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில் தெரியாதபடி என் கேமராவை அணைத்து வைத்தேன்.

“என்னங்க, வெந்தயம் கேட்டுச்சா?”

மருந்து நின்றதைச் சொல்லலாம். ஏன் நின்றது என்று சொன்னால் ஆயுசுக்கும் தன்னையே அரித்துக்கொள்வாள்.

“கேட்டுச்சு.”

“பாத்தீங்களா! எந்த ஊருக்குப் போனாலும் நம்ம உடம்புக்கு நம்ம வைத்தியந்தான்.”

ஒரு கையில் ஸ்டீராய்டு ஏறிக்கொண்டிருந்தது. மறு கையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.