ஷவரை மறந்த ஜானிஸ்

ஜானிஸ் முப்பத்தொரு வருஷம் லீட்ஸ் நகரத்தில் பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த பணத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் போட்டு, மேபிள்தோர்ப் கடற்கரையில் எங்கள் கேரவன் பூங்காவில் ஒரு பழைய கேரவன் வாங்கினாள். ஊர் சுற்றுகிற வண்டி இல்லை. சக்கரம் பேருக்குத்தான், போட்ட இடத்திலேயே நிற்கிற தகர வீடு.

"பதிமூணு வருஷ வண்டிதான். ஆனா கடல் தெரியுது. வேற என்ன வேணும்?" என்று அக்டோபரில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

உள்ளே புதுக் கம்பள வாசனை. பழைய வண்டிக்குப் புதுக் கம்பளம் போட்டு விற்கிறான் என்றால் அடியில் ஏதோ இருக்கிறது. பக்கத்துக் கேரவன்காரி என்ற முறையில் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவள் பணத்தைக் கட்டிவிட்டிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பரில் குளிருக்காகப் பூங்காவை மூடுவார்கள், மார்ச்சில்தான் திறப்பார்கள். அதற்குள் குழாய்களில் ஒரு சொட்டு இல்லாமல் வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். எங்கள் வரிசையில் நாரிஸ் என்று ஒருவர். எழுபத்தெட்டு வயசு, தனி ஆள், வாய் மட்டும் சும்மா இருக்காது. "நான் வடிச்சு விடட்டுமாம்மா?" என்று அவரே வந்து கேட்டார்.

"மாடி பஸ்ஸையே பின்பக்கமா எடுத்தவ நான். நாலு குழாயத் திறக்கத் தெரியாதா?" என்று அனுப்பிவிட்டாள். நாலு குழாயையும் திறந்தாள். ஷவரை மறந்தாள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் மறப்பார்கள்.

மார்ச்சில் தண்ணீரைத் திறந்ததும் சுவருக்குள் சீறல். ஷவர் குழாய் வெடித்திருந்தது, சுடுநீர்ப் பெட்டியும் பிளந்திருந்தது. ஊறிய கம்பளத்தைத் தூக்கினோம். அடியில் தரைப் பலகை கறுத்து, கட்டைவிரலை வைத்தால் உள்ளே போனது. அது அன்றைய ஈரம் இல்லை, பல வருஷத்து ஊறல். பழுது பார்க்க வந்தவர் மூவாயிரத்து இருநூறு பவுண்டு கேட்டார். அவளிடம் மிச்சம் இருந்தது எண்ணூறு. பூங்கா அலுவலகமோ, அறுநூறு தருகிறோம், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஜானிஸ் படியில் உட்கார்ந்து அழுதாள். "முப்பது வருஷமா அந்த பஸ் கண்ணாடி வழியா மழையத்தான் பாத்தேன். கடலப் பாக்கணும்னு ஆசைப்பட்டது தப்பா?"

கம்பள விஷயத்தை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ முன்னாடியே சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், விடு" என்றாள்.

சத்தம் கேட்டு நாரிஸ் வந்தார். அவருக்கே அந்த வாரம் பெரிய இடி. இருபது வருஷம் ஆன வண்டி பூங்காவில் நிற்கக் கூடாது. அவருடையதை எடுத்துப்போக வியாழக்கிழமை லாரி வருகிறது. புதிது வாங்க வசதியில்லை. போகிற வண்டியில் வேண்டியதை வரிசைக்காரர்கள் கழற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். ஆனால் இரண்டு வாரமாக அவர் யாரையும் கதவருகே விடவில்லை.

தரையைப் பார்த்தார். "ஷவர மறந்துட்டியாக்கும்?"

"மறந்துட்டேன்."

"மாடி பஸ்ல ஷவர் கிடையாதே, பாவம்."

அழுகைக்கு நடுவில் ஜானிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் குனிந்து பிளந்த சுடுநீர்ப் பெட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "என்னோடதும் இதே கம்பெனி, இதே அளவு. சுடுநீர்ப் பெட்டி போன வருஷம்தான் மாத்தினேன். வியாழனுக்குள்ள வேணுங்கறத எல்லாம் கழட்டிக்க" என்றார்.

"எவ்வளவு தரணும்?"

"வாய மூடிட்டு ஸ்க்ரூடிரைவர எடு."

மூன்று நாள் வேலை. பலகைக்கு ஐந்நூறு, சுடுநீர்ப் பெட்டிக்கு கேஸ் இணைக்க, சான்றிதழ் உள்ள கேஸ்காரருக்கு இருநூறு. மற்றதெல்லாம் நாங்களே. நான் பலகை பிடித்தேன், ஜானிஸ் அறுத்தாள், நாரிஸ் திட்டினார். குளியலறையில் அவருடைய ஷவர் ஏறியது. கடைசியாக, ஜானிஸின் ஊறிப்போன சோபா இருந்த இடத்தில் அவருடைய ஜன்னலோர சோபாவையும் கொண்டுவந்து போட்டோம்.

வியாழன் காலை லாரி வந்தபோது நாரிஸ் வெளியே வரவில்லை. ஜானிஸின் கேரவனில், தன் சோபாவில், தன் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வெற்று வண்டி ஜன்னலைத் தாண்டிப் போகும்வரை கையிலிருந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோபாவ இடது பக்கம் தள்ளிப் போட்டிருக்க. கடல் பாதிதான் தெரியுது" என்றார் பிறகு.

ஜானிஸ் எழுந்து, அவரோடு சேர்த்தே சோபாவைத் தள்ளினாள். "இப்ப?"

"இப்பத் தெரியுது."

அவள் பையிலிருந்து தன் கேரவனுக்கு ஒரு புதுச் சாவியை எடுத்து சோபாவில் அவர் பக்கத்தில் வைத்தாள். "நவம்பர்ல தண்ணி வடிக்க எனக்கு ஆள் வேணும். அதுவரைக்கும் இங்க வந்து உக்காந்து, இடத்தப் பழகிக்கோங்க."