காட்டுக்கோழிக்கு நாடி பார்த்தேன்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை பார்க்க மனுஷ உடம்பைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பி மோசம் போனவன். மெர்லிமாவுக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, என் கைக்கு மிஞ்சினதை மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பது, இவ்வளவுதான் வேலை என்று சொல்லிச் சேர்த்தார்கள்.

ஆனால் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். உள்ளே போனவன் பிணமாகத்தான் வருவான் என்று அவர்களுக்குப் பயம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கம்பளியைப் போர்த்தி மறைத்துவிடுவார்கள். வீடு வீடாகப் போய், அண்ணே, அக்கா என்று கெஞ்சி, அந்தக் கசப்புத் தண்ணீரை நானே குடித்துக் காட்டி, ஒருவழியாக அவர்களை வாசலுக்கு வர வைத்திருந்தேன். அந்த நம்பிக்கை ஒன்றுதான் நான் அங்கே சம்பாதித்தது. அதற்கு உலை வைக்கக் காட்டிலிருந்து கோழி வந்தது. துரைமாரிடம் கைகட்டி நின்ற, கணக்கெழுதுகிற கிராணிமாரும் டிரெஸ்ஸர்மாரும் இதைப் படித்தால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும்.

ஈரல் பரிசோதனை

ரப்பர் மரம் இலை கொட்டுகிற மாசங்களில் எங்கள் துரைக்குக் கை அரிக்கும். சருகு மேல் காட்டுக்கோழி நடந்தால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். விடிகிற நேரத்தில் காட்டோரம் போய்ப் பதுங்கி, கூவுகிற சேவலைச் சுட்டுக்கொண்டு வருவார். துரைசானிக்கு அதைத் தின்னப் பயம். வேறெங்கோ ஒரு பங்களாவில் சீக்குக் கோழியைத் தின்று எல்லோருக்கும் வயிறு போனதாக யாரோ அந்த அம்மாள் காதில் போட்டுவிட்டார்கள். அதனால் சுட்ட கோழி ஒவ்வொன்றும் என்னிடம் வந்து, நான் நல்லது என்று சொன்ன பிறகுதான் அடுப்பேற வேண்டும் என்று உத்தரவு.

எனக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும்? குழம்பில் தெரியும். அதைத் துரையிடம் சொல்லியிருக்கலாம். முடியாது என்ற சொல் அவர் முன்னால் யார் வாயில் வந்தது? வராந்தாவில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற மேசையில் சேவலைக் கிடத்தி வயிற்றைக் கீறினேன். ஈரலைத் திருப்பினேன், குடலை மோந்தேன், ஏதோ தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. கொண்டுவந்த பங்களா குக்கு அந்தோணி மட்டும் ரொம்ப மரியாதையாக நின்றான்.

"கை பட்டது பட்டுப்போச்சு டிரெஸ்ஸர் ஐயா, அப்படியே இறகையும் பிடுங்கிக் குடுத்துட்டீங்கன்னா எனக்கு வேலை மிச்சம்."

வார்டில் சேர்ந்த சேவல்

சுங்கை ரம்பாய்ப் பக்கத்துக் கம்பத்தில், அதுதான் மலாய்க்காரர் கிராமத்தில், பாக் டோலா என்று ஒரு மலாய்க்காரப் பெரியவர். அவரிடம் பழக்கின சேவல் ஒன்று இருந்தது. அதைக் காட்டோரம் காலில் கயிறு கட்டி விட்டால் கூவும். இது என் இடமாச்சே என்று காட்டுச் சேவல் சண்டைக்கு ஓடி வரும். பாக் டோலா கண்ணி வைத்துப் பிடிப்பவர். துரை கேட்டாரென்று அந்தச் சேவலை ஒரு நாள் இரவல் கொடுத்தார். துரை புதருக்குள் உட்கார்ந்து, இரண்டும் மோதுகிற நேரம் பார்த்துச் சுட்டார். காட்டுச் சேவல் பறந்துபோனது. பழக்கினது தொடையில் ரவை வாங்கிக்கொண்டு விழுந்தது.

துரைக்கு வெட்கமோ என்னவோ, அதைப் பிழைக்க வைத்தே தீர வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். ரவையை எடுத்து, மருந்து வைத்துக் கட்டி, வார்டு மூலையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். பாக் டோலா தினமும் சொந்தக்காரரைப் பார்க்க வருகிற மாதிரி வந்து, அதன் தலையைத் தடவி, தீனி கொடுத்துவிட்டுப் போவார். அவருக்குக் கண் கலங்குவதைப் பார்த்து எனக்கும் ஒரு மாதிரியாக இருக்கும். ஆனால் வார்டில் மனுஷர்களும் இருந்தார்களே! அடுத்த கட்டிலில் காலில் ஆறாத புண்ணோடு கிடந்த முனியன், சேவலையும் தன் கஞ்சிக் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"எனக்குக் கஞ்சி, அவருக்கு நெல்லு. அவரு எந்தக் கங்காணி ஆளுங்க ஐயா?"

புதைத்த கோழி

ஒரு தடவை நிஜமாகவே சீக்குக் கோழி வந்தது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் அம்மைக் கொப்புளம் மாதிரி பொருக்கு. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. ஈரல் முழுக்க வெள்ளைத் திட்டு. இதைத் தொடவே கூடாது, புதைத்துவிடுங்கள் என்று உரக்கச் சொன்னேன். வராந்தாவில் இருந்தவர்கள் காதில் விழட்டும், டிரெஸ்ஸருக்கும் ஏதோ தெரியும் என்று நினைக்கட்டும் என்று எனக்கு ஆசை. தோட்டி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தான்.

மறுநாள் குழி தோண்டிக் கிடந்தது. நாயோ உடும்போ இழுத்துப் போயிருக்கும். ஆனால் லயத்தில் வேறு கதை. நல்ல கோழியைச் சீக்கு என்று சொல்லிவிட்டு, அப்புறம் டிரெஸ்ஸரே தோண்டிக் குழம்பு வைத்துவிட்டாராம். கறியைக் கண்ணால் காண்பதே அரிதான காலம், ரப்பர் விலை விழுந்து சம்பளத்தை வெட்டியிருந்தார்கள். அப்படித்தானே நினைப்பார்கள்? காலைப் பிரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது எல்லோர் கண்ணும் என் வயிற்றின் மேலேயே இருந்தது. மானம் கப்பலேறிவிட்டது. கிராணியார் மெதுவாக என் பக்கம் வந்து தோளில் கை போட்டார்.

"ஓய், அடுத்த தடவை புதைக்கறப்ப எனக்கும் ஒரு தொடை சேர்த்துப் புதையும்."

செல்லம்மா காத்திருந்த காலை

முதல் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கம்பளிக்குள் வைத்தே பறிகொடுத்தவள் செல்லம்மா, ரப்பர் பால் வெட்டுகிறவள். அடுத்ததையாவது என்னிடம் கொண்டு வா என்று எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். கொண்டுவந்தாள். ரப்பர் மரம் புதுத் தளிர் விட்ட சமயம், லயத்தில் காய்ச்சல் பரவத் தொடங்கிவிட்டது. சின்னப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், பிள்ளைக்குப் பல் கிட்டுகிற குளிர். நான் எழுந்தேன். அதே நேரம் துரை கையில் கோழிக் கொத்தோடு படியேறி வந்தார். தஞ்சோங் கிளிங்கிலிருந்து விருந்தாளிகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்களாம், உடனே பார்க்க வேண்டுமாம். பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அது ஓடியா போகும் என்றார். அவர் பக்கத்திலேயே நின்றார். நான் கீறினேன்.

ஒவ்வொன்றாகக் கீறி, ஈரலைப் பார்த்து, நல்லது நல்லது என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினால் வராந்தா காலி. கொயினா புட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். சட்டையெல்லாம் இறகு, வழியில் பார்த்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கதவைச் சாத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சாத்தவில்லை. உள்ளே பிள்ளை கம்பளிக்குள் கிடந்தது. கம்பளியை விலக்கி, வாயைத் திறந்து மருந்தை ஊற்றினேன், தலைக்கு ஈரத்துணி போட்டேன், சாயந்திரம்வரை அங்கேயே உட்கார்ந்தேன். பிள்ளைக்கு வியர்த்தது. கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தேன். செல்லம்மா என் தோளில் ஒட்டியிருந்த இறகை எடுத்துக் கீழே போட்டாள். குத்திக் காட்டுகிற குரலும் இல்லை, கோபமும் இல்லை. பெரிய மனுஷர் வீட்டில் சுகம் விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"கோழியெல்லாம் நல்லா இருக்குதுங்களா ஐயா?"

நான் நல்லது என்று சொன்ன கோழி எதைத் தின்றும் அந்தப் பங்களாவில் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை, ஒரு வாய்கூடத் தின்னாத எனக்குத்தான் இன்னும் செரிக்கவில்லை.