அக்கா நிறுத்திய வளைகாப்பு

எங்கள் அக்கா சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளி ஒருவருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்விட, என்னை வளர்த்தவர் அவர்தான். வளர்ப்பில் குறையில்லை, வளர்ந்த சரக்குதான் இப்படி. திருமணம் செய்துகொள்ளாமல், பிரசவ வார்டில் தாதியாகவே ஓய்வுபெற்றார்.

என் மனைவியின் வளைகாப்பைப் பாதியில் நிறுத்தியவர் என்று அவரைப் பற்றி உறவில் ஒரு பேச்சு உண்டு. நடந்ததை நான் இதுவரை சொன்னதில்லை.

வளைகாப்புக்கு முந்தைய வாரப் பரிசோதனையில் மனைவிக்கு ரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருந்தது. மூன்று நாளில் மறுபடி வரச் சொன்னார்கள். அன்று பார்த்து நான் கேம்பல் லேனில் வளையல் வாங்கப் போக வேண்டியிருந்தது. “தலைவலி இருக்கா? கண்ணு மங்குதா? இல்லைல? அப்புறம் போவோம் லா” என்றேன். டாக்டருக்குப் படிக்காதது எனக்கு என்றுமே தடையாக இருந்ததில்லை.

சிராங்கூன் சாலை மண்டபத்தில் வளையல் அவள் கையில் ஏறவில்லை. சோப்பு கொண்டுவரச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அக்கா மட்டும் அவளுடைய விரல்களையும் முகத்தையும் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள் என்று கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “காரை எடுடா.”

மருத்துவமனையில் அழுத்தம் 146க்கு 94. சிறுநீரில் புரதம். லேசான பிரீ-எக்லாம்சியா, கர்ப்ப காலத்தில் வரும் ரத்த அழுத்த நோய் என்றார் டாக்டர். வீக்கம் பல கர்ப்பிணிகளுக்கு வரும், அளந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இந்த நிலையில் பெரும்பாலும் உடம்புக்கு ஒன்றுமே தெரியாது. தலைவலியும் கண் மங்கலும் வந்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் என்றார். நான் எந்த அறிகுறிகளுக்காகக் காத்திருந்தேன் என்று அப்போது புரிந்தது.

அடுத்த வாரம் என் வீட்டு விருந்தில் ஒருவர், “பிள்ளை பெறாதவ கண்ணு, சும்மா விடுமா?” என்றார். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். என் மனைவி வாயைத் திறந்தாள்; இப்போது எதற்கு என்று அவளைத் தடுத்தேன். பிறகு இன்னொரு அப்பளம் கேட்டேன்.

அடிக்கடி பரிசோதித்து, முப்பத்தேழாவது வாரத்தில் மகளை நலமாக எடுத்தார்கள். அவளுடைய காதுகுத்தின்போது அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வாங்க என்று நானும் கூப்பிடவில்லை.

அக்கா மறையும் முன் படுக்கையிலிருந்த மாதங்களில் பார்க்க வந்தவர்களுக்கும், சமைத்து அனுப்பியவர்களுக்கும், வீட்டுக்கு வந்து கவனித்த தாதியருக்கும் எங்கள் நன்றி. நானும் தினம் பக்கத்தில் உட்கார்ந்து ஜோக்கடித்தேன். இதை மட்டும் பேசவில்லை. அந்தப் பேச்சு இனி எங்கே வந்தாலும், பரிசோதனைக்குக் கூட்டிப் போகாதவன் நான்தான் என்று தயவுசெய்து சொல்லுங்கள். மகளிடம் நேற்று நானே சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.